தலை வலிக்கிறது என்று நான் சொல்லவில்லை

குளிர்காலம் நெருங்கினாலே தில்லியில் தெரிந்தவர்கள் யாராவது போன் செய்து, "கேதார்காந்தா மலையேற்றம் போய்வந்தாயே, நாங்களும் போகலாமா?" என்று கேட்கிறார்கள். போங்கள், கண்டிப்பாகப் போங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆனால் அதோடு விடாமல் அவர்களை ஒரு மணி நேரம் உட்காரவைத்துச் சில விஷயங்களைச் சொல்லித்தான் அனுப்புகிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதை எனக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால், 2023 டிசம்பர் 25 அதிகாலை மூன்று மணியிலிருந்து ஏழு மணிவரை ஒரு டென்டுக்குள் தனியாகச் சுருண்டு கிடந்து, இங்கேயே போய்ச் சேர்ந்துவிடுவேனோ என்று அழுதிருக்க மாட்டேன்.

நாங்கள் ஐந்து பேர். எல்லாருமே வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து தில்லிக்கு வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆர்.கே.புரம் முருகன் கோயிலான மலை மந்திரில் சந்தித்து, சாமி கும்பிட்டுவிட்டு முனிர்க்காவில் யார் அறையிலாவது சமைத்துச் சாப்பிடுவது பழக்கம். பெண்கள் நானும் என் அறைத்தோழியும் மட்டும்தான். மூன்று ஆண்களில் மூத்தவரை எல்லாரும் அண்ணன் என்றே கூப்பிடுவோம். அவர் ஏற்கெனவே இமாச்சலத்தின் திரியுண்ட் மலைக்கு இரண்டு தடவை போய்வந்தவர் என்பதால் ஏற்பாடெல்லாம் அவர் பொறுப்பு. அந்த வருஷம் கிறிஸ்துமஸ் திங்கட்கிழமையில் வந்தது. சனி, ஞாயிறு, திங்கள் என்று மூன்று நாள் சேர்ந்து கிடைத்ததும் கேதார்காந்தா என்று முடிவாகிவிட்டது.

இங்கேதான் முதல் தப்பு நடந்தது. கேதார்காந்தாவுக்குச் சாங்க்ரி என்ற கிராமத்திலிருந்து ஏற வேண்டும். உத்தரகாண்டில் உத்தரகாசி மாவட்டத்தில் இருக்கிறது, உயரம் சுமார் 1,950 மீட்டர். வழக்கமாக முதல் நாள் ஜூடா கா தாலாப் என்ற ஏரிவரைக்கும் ஏறி அங்கே தங்குவார்கள். அது சுமார் 2,770 மீட்டர். அடுத்த நாள் பேஸ் கேம்ப், சுமார் 3,400 மீட்டர். மூன்றாம் நாள் விடியற்காலையில் 3,810 மீட்டர் உச்சி. எங்களுக்கு அந்த ஏரிக்கரை இரவுக்கு நாள் இல்லை. செவ்வாய்க்கிழமை எல்லாரும் ஆபீசில் இருக்க வேண்டும். அண்ணன் ஏற்பாட்டாளரிடம் பேசி, ஏரியில் தங்காமல் ஒரே நாளில் பேஸ் கேம்ப் போக முடியுமா என்று கேட்டார். "முடியும், எல்லாரும் இளவட்டம்தானே" என்று உடனே ஒத்துக்கொண்டார்கள். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இன்றைக்கு யோசித்தால், ஒரு கேள்வியும் கேட்காமல் சரி என்று சொன்னவர்களை அங்கேயே விட்டிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

கணக்கு ரொம்ப எளிது. தில்லி கடல்மட்டத்திலிருந்து இருநூற்றுச் சொச்சம் மீட்டர். வெள்ளிக்கிழமை இரவு அங்கே இருந்தவள் ஞாயிறு மாலை 3,400 மீட்டரில் இருந்தேன். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான், மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் ஆக்சிஜனும் அவ்வளவுதான். 3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால் தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது மலை மருத்துவத்தில் எல்லாரும் சொல்லும் விதி. நாங்கள் ஒரே பகலில் 1,450 மீட்டர் ஏறிப் படுத்தோம். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். நான் நல்ல உடற்பயிற்சியோடுதான் போனேன். இரண்டு மாதம் சஞ்சய் வனத்தில் காலையில் ஓடினேன், எங்கள் கட்டடத்து ஐந்து மாடியும் பையோடு ஏறி இறங்கினேன். கால் வலிக்காமல் இருக்க அது உதவியது. உயரத்தால் வரும் நோயைத் தடுக்க அது உதவாது. நன்றாக ஓடுகிறவருக்கும் வரும், வேகமாக ஏறுவதால் சில சமயம் அவருக்கே முதலில் வரும்.

வெள்ளி இரவு காஷ்மீரி கேட்டில் பஸ் ஏறி, விடியும் முன் டேராடூன். அங்கிருந்து சாங்க்ரி கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர், மலைப்பாதையில் பகல் முழுக்கப் போய்விட்டது. புரோலா தாண்டியதும் பைன் காடு, மோரிக்குப் பக்கத்தில் டோன்ஸ் ஆறு, எல்லாம் அழகுதான். சாங்க்ரிக்குள் நுழையும்போது மாலை நான்கு. அன்று இரவு நட்சத்திரங்களைப் பார்த்து நான் பேச்சில்லாமல் நின்றேன், தில்லியின் நவம்பர்ப் புகைக்குப் பிறகு அது கண்ணுக்கே மருந்து மாதிரி இருந்தது. அந்த நவம்பர்ப் புகையால் வந்த இருமல் எனக்கு முழுதாக விட்டிருக்கவில்லை என்பதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை. சளி, இருமலோடு உயரத்துக்குப் போகக் கூடாது என்று எனக்குத் தெரியாது.

ஞாயிறு காலை ஏழரைக்குக் கிளம்பினோம். ஓக், பைன் மரங்களுக்கு நடுவே நல்ல பாதை. அந்த டிசம்பரில் பனி குறைவு, நிழல் விழும் இடங்களில் மட்டும் கண்ணாடி மாதிரி உறைந்து கிடந்தது. பதினொரு மணிக்கு ஜூடா கா தாலாப். அங்கே டென்ட் போட்டுத் தங்கப்போகிற வேறொரு குழு டீ குடித்துக்கொண்டிருந்தது, நாங்கள் அவர்களைத் தாண்டிப் பெருமையாக மேலே போனோம். மூன்றரைக்குப் பேஸ் கேம்ப். அரை மணி நேரத்தில் எனக்கு இரண்டு பொட்டிலும் வலி ஆரம்பித்தது.

ஏன் சொல்லவில்லை? வழியில் இரண்டு இடத்தில் நான் நின்றபோது, "பெண்களைக் கூட்டிவந்தால் இப்படித்தான்" என்று ஒருவர் சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் எனக்கு அது உள்ளே இறங்கிவிட்டது. என்னால் யாருடைய உச்சியும் கெட்டுப்போகக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு டோலோ போட்டுக்கொண்டேன். வலி கொஞ்சம் அடங்கியது. அதுதான் ஆபத்து, மாத்திரை வலியை மறைத்தது, காரணத்தைத் தொடவில்லை. மலையேற்றம் தெரிந்தவர்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள்: 2,500 மீட்டருக்கு மேல் தலை வலித்தால், வேறு காரணம் உறுதியாகத் தெரியும்வரை அது உயரத்தால் வந்த நோய் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். தலைவலியோடு குமட்டல், பசியின்மை, தலைசுற்றல், அசதி இதில் ஏதாவது ஒன்று சேர்ந்தால் அதற்கு மேல் ஓர் அடிகூட ஏறக் கூடாது. எனக்கு அன்று மாலை இந்த நாலுமே இருந்தன.

பெண்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். நான் அன்று பகல் முழுக்க அரை லிட்டர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வேண்டுமென்றேதான் குடிக்கவில்லை. வழியில் ஒதுங்க இடமில்லை, கேம்பில் குழி தோண்டி வைத்த டாய்லெட் டென்ட் அறுபது அடி தள்ளி இருட்டில் இருந்தது, இரவில் பூஜ்யத்துக்குக் கீழே எட்டு டிகிரி குளிரில் எழுந்து போக வேண்டுமே என்ற பயம். அம்மா, அத்தை எல்லாரும் பஸ் பயணத்தில் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஆனால் மலையில் மூச்சு வழியாகவே உடம்பு நிறையத் தண்ணீரை இழக்கிறது. தண்ணீர் குறைந்ததும் தலைவலி கூடும், எது எதனால் என்று பிரித்துப் பார்க்கவும் முடியாமல் போகும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு லிட்டர் உள்ளே போக வேண்டும். நின்றபடியே சிறுநீர் கழிக்க உதவும் புனல் இப்போது மருந்துக்கடைகளில் கிடைக்கிறது, வாங்கி வீட்டிலேயே பழகிக்கொண்டு போங்கள். நெற்றியில் கட்டும் விளக்கு ஆளுக்கொன்று கட்டாயம் வேண்டும். டென்டில் கூடப் படுக்கிறவளிடம் முதல் நாளே பேசிவிடுங்கள்: நீ எழுந்தால் நான் வருவேன், நான் எழுந்தால் நீ வர வேண்டும்.

இருட்டும் நேரத்தில் வழிகாட்டி எல்லாருக்கும் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்ஸிமீட்டர் வைத்துப் பார்த்தார். மற்றவர்களுக்கு 88, 89. எனக்கு 81. "கை ஜில்லிட்டிருக்கிறது, அதனால்தான்" என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். விரல் குளிர்ந்திருந்தால் கருவி தப்பாகக் காட்டும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு விரலைச் சூடுபடுத்தி மறுபடி பார்க்க வேண்டும். அவர் பார்க்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. சாப்பாட்டில் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. குளிருக்கு நல்லது என்று ஒருவர் ரம் நீட்டினார். நல்லவேளையாக நான் தொடவில்லை. உயரத்தில் மதுவும் தூக்க மாத்திரையும் தூக்கத்தில் மூச்சை இன்னும் மந்தமாக்கும். ஏற்கெனவே தூங்கும்போதுதான் உடம்பில் ஆக்சிஜன் மேலும் இறங்குகிறது, உயரத்து நோய் இரவில் முற்றுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரவு பதினொன்றுக்கு வாந்தி எடுத்தேன். தோழியை எழுப்பவில்லை. இரண்டரைக்கு எல்லாரும் எழுந்து காலணி மாட்டும் சத்தம் கேட்டது. "நீங்கள் போங்கள், எனக்கு அசதி மட்டும்தான், தூங்கினால் சரியாகிவிடும்" என்றேன். அவள் இரண்டு தடவை கேட்டாள், நான் இரண்டு தடவையும் போ என்றேன். வழிகாட்டியும் அவருடைய உதவியாளரும் குழுவோடு மேலே போய்விட்டார்கள். ஆக்ஸிமீட்டரும், இருந்த ஒரே சிறிய ஆக்சிஜன் டப்பாவும், மருந்துப் பையும் வழிகாட்டியின் முதுகில் போய்விட்டன. கேம்பில் மிஞ்சியது சமையல்காரர், கோவேறு கழுதைக்காரப் பையன், நான்.

அந்த நாலு மணி நேரத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. தலைக்குள் யாரோ காற்றடிப்பது போல இருந்தது. ஸ்லீப்பிங் பேக்கின் ஜிப்பைத் திறக்க முடியவில்லை, விரல் அங்கே போகிறது, என்ன செய்ய வேண்டும் என்பது மறந்துபோகிறது. அம்மாவுக்கு போன் செய்ய நினைத்து எடுத்தேன். சிக்னல் இல்லை, குளிரில் பேட்டரியும் செத்திருந்தது. (போனையும் பவர் பேங்கையும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் உடம்போடு வைத்துத் தூங்க வேண்டும், இதையும் யாரும் சொல்லவில்லை.) கும்பகோணத்தில் அம்மா இந்நேரம் மார்கழிக் கோலத்துக்கு வாசல் தெளித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்ததும் அழுகை வந்தது. கத்திக் கூப்பிட்டிருக்கலாம். சமையல் டென்ட் முப்பதடி தூரம்தான். கூப்பிடலாம் என்ற யோசனையே எனக்கு வரவில்லை. மூளை வீங்கத் தொடங்கினால் முதலில் போவது நிதானம் என்று பிறகு டாக்டர் சொன்னார். ஆபத்தில் இருப்பவருக்கே தான் ஆபத்தில் இருப்பது தெரியாது. அதனால்தான் இந்த நோயில் நோயாளி சொல்லும் "பரவாயில்லை" என்ற வார்த்தையை நம்பவே கூடாது.

ஏழு மணிக்கு எப்படியோ வெளியே வந்தேன். ஐம்பது வயதைத் தாண்டிய அந்தச் சமையல்காரர் டீ நீட்டினார். வாங்கப்போய்க் கீழே விட்டேன். அவர் உடனே அடுப்பை அணைத்துவிட்டு எழுந்து வந்தார். தரையில் குச்சியால் ஒரு கோடு போட்டு, "தீதி, இதன் மேல் நடந்து காட்டுங்கள்" என்று இந்தியில் சொன்னார். ஒரு பாதத்தின் விரலுக்கு முன்னால் அடுத்த பாதத்தின் குதிகால் வைத்து நடக்க வேண்டும். மூன்றாவது அடியில் நான் பக்கவாட்டில் சாய்ந்தேன், அவர் பிடித்துக்கொண்டார். "அபி நீச்சே" என்றார். இப்போதே கீழே. குழு வந்த பிறகு போகலாமே என்றேன். மேலே இருந்தால் மருந்தும் கேட்காது, இறங்கினால் மருந்தே வேண்டியிருக்காது என்று சொல்லிவிட்டு என் காலணியை அவரே கட்டிவிட்டார். இந்தக் கோட்டுச் சோதனையை எல்லாரும் கற்றுக்கொள்ளுங்கள். அதற்குக் கருவி வேண்டாம், படிப்பு வேண்டாம். நேராக நடக்க முடியவில்லை என்றால் விடியட்டும் என்றுகூடக் காத்திருக்கக் கூடாது, இறங்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும், நுரையோடு இருமல் வந்தாலும் இதே விதிதான், அப்போது நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம்.

பாதி தூரம் அவர் தோளில் சாய்ந்தும், பாதை அகலமான இடங்களில் கோவேறு கழுதை மேலும் இறங்கினேன். பதினொரு மணிக்கு அதே ஜூடா கா தாலாப். 600 மீட்டர் இறங்கியிருந்தோம். அங்கே உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது தலையிலிருந்து யாரோ கயிற்றை அவிழ்த்துவிட்டது போல இருந்தது. அந்த வித்தியாசத்தை உடம்பால் உணர்ந்தவள் என்பதால் சொல்கிறேன், இறங்குவதைப் போல ஒரு மருந்து கிடையாது. சாங்க்ரியில் அவர் வீட்டுக்கே கூட்டிப்போனார். அவர் மனைவி மண்டுவா ரொட்டி சுட்டுக் கொடுத்தார். ஒரு வாய் வைத்ததும் தெரிந்துவிட்டது, நம்ம ஊர் கேழ்வரகு. இருபது மணி நேரத்துக்குப் பிறகு வயிற்றில் தங்கிய முதல் சாப்பாடு அது.

ஆனால் நடை முழுதாக நேராகவில்லை. அவரே ஒரு டாக்சி பேசி, தன் மருமகனையும் கூட அனுப்பினார். இரவு பதினொன்றுக்கு டேராடூனில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். ஆக்சிஜன், ஊசி, சலைன், ஸ்கேன். மூளை வீக்கத்தின் ஆரம்பக் கட்டம், இறங்கியதால் பிழைத்தீர்கள் என்றார் டாக்டர். இன்னொரு இரவு இருக்கச் சொன்னார். நான் கேட்கவில்லை. அடுத்த நாள் மாலை ஆறு மணிக்குக் கையெழுத்துப் போட்டு வெளியே வந்தேன். அது இன்னொரு தப்பு. பொதுவாக மருத்துவக் காப்பீட்டில் தொடர்ந்து 24 மணி நேரமாவது படுக்கையில் இருந்தால்தான் உள்நோயாளிச் செலவாக எடுத்துக்கொள்வார்கள். நான் இருந்தது 19 மணி நேரம். கிளெய்ம் தள்ளுபடி. மலையேற்றம் போனதால் தள்ளிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பாலிசியை எடுத்துப் படித்தபோது, சாகச விளையாட்டு பற்றிய விலக்கு அதைத் தொழிலாகச் செய்பவர்களுக்கு மட்டும்தான் என்று தெளிவாகப் போட்டிருந்தது. உங்கள் பாலிசியில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். மலையேற்றத்துக்கென்று தனியாகக் காப்பீடு எடுத்தால் எத்தனை மீட்டர் உயரம்வரை செல்லும், மலையிலிருந்து கீழே கொண்டுவரும் செலவு சேர்த்தியா என்று இரண்டையும் பாருங்கள்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். ட்ரெக் கட்டணம் 7,000, அதில் ஒரு ரூபாய் திரும்பி வரவில்லை. கோவேறு கழுதைக்கு 2,000. டாக்சி 7,500. மருத்துவமனை 18,600. டேராடூனில் ஓர் இரவு லாட்ஜும் தில்லி பஸ்ஸும் 2,400. மொத்தம் 37,500 ரூபாய். ஒரு நாள் லீவை மிச்சப்படுத்தத்தான் ஏரிக்கரை இரவைத் தவிர்த்தோம், எனக்கு ஐந்து நாள் லீவு போனது. டாக்சிக்கும் கழுதைக்கும் ரொக்கமாகக் கொடுக்க வேண்டியிருந்தது, என்னிடம் 1,500தான் இருந்தது, மீதியைச் சமையல்காரரே போட்டார். மலைக்குப் போகும்போது ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் ரொக்கமாக, சின்ன நோட்டும் கலந்து, உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போன் வழியாகப் பணம் அனுப்புவதை நம்ப முடியாது.

பணம் கொடுக்கும் முன் ஏற்பாட்டாளரிடம் கேட்க வேண்டியதையும் சொல்கிறேன். உச்சிக்குப் போகும் நேரத்தில் கேம்பில் முதலுதவி தெரிந்த ஆள் ஒருவர் இருப்பாரா? ஆக்ஸிமீட்டரும் ஆக்சிஜனும் மேலே ஒன்று, கேம்பில் ஒன்று என்று இரண்டு உண்டா? உடம்பு முடியாதவரை நடுராத்திரியில் இறக்க வேண்டுமென்றால் யார் இறக்குவார்? இதற்குத் தயங்காமல் பதில் வராவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள். உயரத்து நோயைத் தடுக்க அசெட்டசோலமைடு என்ற மாத்திரையை ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்தே போடச் சொல்வார்கள். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது, டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு வேகமாக ஏறிவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

நண்பர்களைப் பற்றி எழுதாமல் விட்டால் இது முழுதாகாது. பத்து மணிக்கு அவர்கள் உச்சியிலிருந்து கேம்புக்குத் திரும்பி, நான் இல்லாததைக் கண்டு பதறித்தான் இறங்கியிருக்கிறார்கள். ஆனால் நான் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன் என்று தெரிந்த பிறகும், மறுநாள் ஆபீஸ் என்று நாலு பேருமே அந்த இரவே தில்லி பஸ் ஏறிவிட்டார்கள். அண்ணன் மட்டும் ஆஸ்பத்திரிக்கு வந்து பதினைந்து நிமிஷம் நின்றார், ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டுப் போனார். எனக்கு அந்தக் கோபம் மாதக்கணக்கில் இருந்தது. அறைத்தோழியோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு மூன்று வாரம் பேசவில்லை. பிறகு ஒரு நாள் இரவு அவள்தான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீ போ என்றாய், நான் போய்விட்டேன். உன் முகத்தை டார்ச் அடித்துப் பார்த்திருக்க வேண்டும்" என்றாள். தலை வலித்ததை நான் சொல்லவில்லை என்று நானும் ஒத்துக்கொண்டேன். இரண்டு பேரும் அழுதோம்.

அண்ணன் மேல் எனக்கு இப்போது கோபமில்லை, ஆனால் அவரோடு மலைக்குப் போக மாட்டேன். சமையல்காரருக்குத் தர வேண்டிய பணத்தை ஜனவரியிலேயே அனுப்பிவிட்டேன். வருகிற அக்டோபரில் நானும் தோழியும் இன்னும் இரண்டு பேரும் மறுபடி சாங்க்ரி போகிறோம். ஆறு நாள் லீவு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. ஏரிக்கரையில் இரண்டு இரவு, அதற்கப்புறம்தான் பேஸ் கேம்ப். போன ஞாயிறு மலை மந்திர் படியில் உட்கார்ந்து திட்டம் பேசும்போது, யாருக்காவது முடியவில்லை என்றால் கூட இறங்குவது யார் என்று நான்தான் கேட்டேன். மற்றவர்கள் யோசிப்பதற்குள் தோழி கையைத் தூக்கினாள்.